கிளாஸ் காம்பில் தூண்டில் கட்டு

தங்கச்சி மகளுக்குப் போன ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கம் ஒரு கணக்கு உண்டு. பட்டு, பாத்திரம், பத்தமடைப் பாய். பாயில் பொண்ணு மாப்பிள்ளை பெயரையும் தேதியையும் நெய்து கொடுப்பார்கள் என்பதால் அதற்கு முன்கூட்டியே சொல்லி வைத்தாயிற்று. எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்த நேரத்தில் மருமகள் ஒருநாள் கடைக்கு வந்து மேஜையில் ஒரு பெட்டியை வைத்தாள். உள்ளே ஆறு கிளாஸ். மேலே கிண்ணம், நடுவில் மெல்லிய காம்பு, கீழே வட்டப் பாதம். ஒயின் கிளாஸ் என்றுதான் பெட்டியில் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் அதில் ஊற்றப் போவது நன்னாரி சர்பத்து என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மாமா, உங்க தூண்டிக் கம்புல நூல் சுத்திருக்கியள்லா, அதே மாரி இந்தக் காம்புலயும் சுத்தித் தாங்க. பாய் ஓரத்துல வருத கலர்ல."

நான் பாளையங்கோட்டையில் தையல் மிஷின் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை சீவலப்பேரிப் பக்கம் தூண்டில் போடப் போவேன். சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேர்கிற இடம் அது. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உட்கார நல்ல இடம். ராடு, அதாவது தூண்டில் கம்பு, ஒடிந்தாலோ அதில் நரம்பு ஓடுகிற வளையம் கழன்றாலோ கூட்டாளிகள் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். ராடில் வரிசையாக இருக்கிற வளையங்களுக்கு ஆணியும் கிடையாது, திருகும் கிடையாது. வளையத்தின் காலை ராடின் மேல் வைத்து நூலால் நெருக்கிச் சுற்றி, அதன் மேல் எபாக்சி, இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகுகிற பசை, பூசுவதுதான் மொத்தப் பிடிப்பும். மூங்கிலைப் பிளந்து ஒட்டி ராடு செய்த காலத்தில் பட்டு நூலும் வார்னிஷும். இப்போது நைலானும் எபாக்சியும். சுற்றுகிற முறை மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பத்து வருஷமாகச் செய்கிற கைதானே, கிளாஸ் காம்பு என்ன பெரிய விஷயம் என்று சரி சொல்லிவிட்டேன்.

முதல் கிளாஸ் நூல் தொடுவதற்கு முன்பே ஒடிந்தது.

ராடு சுற்றும்போது இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டிய கட்டையில் ராடைக் கிடத்தி, இரண்டு கையாலும் உருட்டுவோம். அதே பழக்கத்தில் கிளாஸைப் படுக்க வைத்து, இடது கையால் கிண்ணத்தையும் வலது கையால் பாதத்தையும் பிடித்து உருட்டிப் பார்த்தேன். இரண்டு கையும் ஒரே வேகத்தில் போகாது. ஈரத்துணி பிழிகிற மாதிரி ஒரு சின்ன முறுக்கு விழுந்தது. டக். காம்பு நடுவில் போனது, உள்ளங்கையில் ஒரு கீறல். இந்தக் கிளாஸ்களைக் கழுவும்போது பாதத்தைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைத் திருகித் துடைப்பவர்களுக்கும் இதுதான் நடக்கும். நேராக அழுத்தினால் கண்ணாடி எவ்வளவோ தாங்கும். முறுக்கினால் தாங்காது.

அதன் பிறகு பிடிமானத்தை மாற்றினேன். கிண்ணத்துக்குள் பழைய பனியன் துணியை இறுக்கமில்லாமல் திணித்து, நடுவில் ஒரு மரக்குச்சி. திருப்புவது அந்தக் குச்சியை மட்டும். பாதத்துக்குப் பின்னால் சைக்கிள் டியூப் துண்டு ஒட்டிய ஒரு கட்டை சும்மா முட்டுக் கொடுத்து நிற்கும், பிடிக்காது. ஒரு பக்கம் திருப்பினால் மறுபக்கம் தானாகக் கூட வர வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம்.

நூலை இழுத்துப் பிடிக்கிற வேலைக்கு எனக்குச் சிரமமே இல்லை. கடையில் கழித்துப்போட்ட மிஷின்களில் டென்ஷன் டிஸ்க் நிறையக் கிடக்கிறது. இரண்டு சின்னத் தட்டு, ஒரு ஸ்பிரிங், ஒரு திருகு. அதைப் பலகையில் முடுக்கி, நூலைத் தட்டுகளுக்கு நடுவே விட்டால் போதும். அது இல்லாதவர்கள் நூற்கண்டை ஒரு டம்ளருக்குள் போட்டு, நூலை ஒரு தடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே விட்டு இழுக்கலாம். மேலே வைக்கிற கனத்தைக் கூட்டிக் குறைத்தால் அதுவே டென்ஷன். நான் ராடு கட்டப் பழகியது மருமகளின் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில்தான். கண்ணாடிக்கு ராடை விடக் கொஞ்சம் தளர்வாக வைக்க வேண்டும். சுற்றிய நூலை நகத்தால் தள்ளினால் நகர வேண்டும், தானாக நகரக் கூடாது.

நூலுக்கு டவுனுக்குப் போனேன். ராடு நூலில் பாய்க்காரர்கள் போடுகிற அரக்குச் சிவப்பு கிடைக்காது. எம்ப்ராய்டரி மிஷினில் ஓடுகிற ரேயான் நூல், 120 டெனியர் (நூலின் பருமனைச் சொல்கிற அளவு) இரட்டைப் புரி, அதில் வேண்டிய நிறமெல்லாம் இருக்கிறது. ஓரத்துக்கு ஜரிகை. வீட்டில் வந்து சுற்றிப் பார்த்தபோது ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 50 சுற்று வந்தது. காம்பு 8 மில்லிமீட்டர் கனம் என்றால் ஒரு சுற்றுக்கு 25 மில்லிமீட்டர் நூல். 5 சென்டிமீட்டர் நீளம் மூட 250 சுற்று, ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு கண்டில் ஊருக்கே சுற்றலாம்.

ஆரம்பிப்பது இப்படி. நூலின் நுனியைக் காம்போடு நீளவாக்கில் படுக்க வைத்து, அதன் மேலேயே ஏழெட்டுச் சுற்று சுற்றினால் நுனி அடியில் மாட்டிக்கொள்ளும். மிச்ச நுனியை வெட்டிவிட்டு மேலே போக வேண்டியதுதான். ராடில் இது ஒரு நிமிஷ வேலை. கண்ணாடியில் முதல் சுற்றே வழுக்கிக்கொண்டு ஓடியது. கடைசியில் நுனியை ஒரு துளி மாஸ்கிங் டேப்பால் பிடித்துவைத்து, ஐந்து சுற்று உட்கார்ந்ததும் டேப்பை உரித்தேன்.

சுற்ற ஆரம்பித்தது கிண்ணத்தின் அடியிலிருந்து, கீழ்நோக்கி. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை நூல் சரிந்து இடைவெளி விழுந்தது. நெருக்கித் தள்ளினால் மறுபடி சரியும். அரைமணி நேரம் மல்லுக்கட்டியதை அம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எய்யா, பம்பரத்துக்குச் சாட்டைய மேல இருந்தா சுத்துவ?"

எனக்கு அப்படியே உறைத்தது. பம்பரத்தில் சாட்டையை ஆணிப் பக்கம்தான் தொடங்குவோம். மெலிந்த இடத்திலிருந்து பருத்த இடத்துக்கு ஏறும்போது ஒவ்வொரு சுற்றும் கீழே இருக்கிற சுற்றின் மேல் சாய்ந்து நிற்கும். பருத்த இடத்திலிருந்து இறங்கினால் ஒவ்வொரு சுற்றும் தனியாக வழுக்கி ஓடும். ராடிலும் இதே விதிதான், ஆனால் ராடின் சரிவு கண்ணுக்குத் தெரியாத அளவு என்பதால் நான் மறந்தே போயிருந்தேன். கிளாஸ் காம்போ நடுவில் இடுப்பு மாதிரி மெலிந்து இரண்டு பக்கமும் பருக்கிறது. ஆகவே ஒரே ஓட்டமாகச் சுற்ற முடியாது. இடுப்பில் தொடங்கி மேலே ஒன்று, மறுபடி இடுப்பில் தொடங்கிக் கீழே ஒன்று. இரண்டும் சேர்கிற கோட்டை மறைக்க அதன் மேல் ஆறு சுற்று ஜரிகை. அந்த ஜரிகைப் பட்டையைப் பார்த்தவர்களெல்லாம் நல்ல டிசைன் என்றார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிக்கொண்டேன்.

எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். காம்பு கிண்ணத்தோடு சேருகிற இடத்தில் திடீரென்று விரியும். அங்கே என்ன செய்தாலும் நூல் நிற்காது. சரிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். வாய் வைக்கிற கிண்ணத்தின் பக்கம் எபாக்சி போகாமல் இருப்பதற்கும் அதுதான் நல்லது.

முடிக்கும் விதத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. முடிவுக்குப் பத்துச் சுற்று இருக்கும்போது மெல்லிய தங்கூஸ் நரம்பை மடித்து ஒரு கண்ணி செய்து, கண்ணி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி காம்பின் மேல் வைத்து, அதன் மேலேயே சுற்றிக்கொண்டு போக வேண்டும். கடைசிச் சுற்றில் நூலைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்து, வெட்டி, நுனியைக் கண்ணிக்குள் விட்டு, தங்கூஸின் மறுபக்க வால்களை இழுத்தால் நூல் நுனி சுற்றுகளுக்கு அடியில் போய் வெளியே வரும். அதை ஒட்ட நறுக்கிவிட்டால் முடிச்சே இல்லாத கட்டு. பிறகு சில்வர் கரண்டிக் காம்பின் வழவழப்பான முனையால் நூலை அழுத்தித் தேய்த்தால் சின்ன இடைவெளிகள் மூடிக்கொள்ளும்.

சுற்றி முடித்த முதல் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து உள்ளே பார்த்தேன். அங்கேதான் ராடுக்கும் கிளாஸுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தது. ராடில் நூலின் அடிப்பக்கத்தை எந்தக் காலத்திலும் யாரும் பார்க்கப் போவதில்லை. இங்கே காம்பு முழுக்கக் கண்ணாடி. கிண்ணத்தின் வழியே குனிந்து பார்த்தால் நூல் குழாயின் உள்பக்கம் அப்படியே தெரிகிறது. நான் ஒளித்துவைத்த நுனி, எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு கருங்கோடாக மேல்முனையில் நின்றது. சர்பத்து குடிக்கிறவன் கடைசி மடக்கில் அதைத்தான் பார்ப்பான். அடுத்தடுத்த கிளாஸ்களில் மேல்முனைக்கு மட்டும் கண்ணியைப் பத்துக்குப் பதில் ஐந்து சுற்றுக்கு அடியில் வைத்தேன். கோடு சிறுத்தது, மறையவில்லை.

அதைவிடப் பெரிய தலைவலி நிறம். எபாக்சி ஊறினால் நூலின் நிறம் கறுக்கும், உள்ளே இருப்பது தெரிகிற அளவுக்குத் தெளிந்தும் போகும். ராடு கட்டுகிறவர்கள் இதற்காக முதலில் நிறம் காக்கும் பூச்சு ஒன்றை நூலுக்குக் கொடுப்பார்கள். நிறம் மாறாதபடி செய்த நைலான் நூலே தனியாக விற்கிறது. என் ரேயான் அரக்குச் சிவப்பு, எபாக்சி பட்ட நிமிஷத்தில் காய்ந்த ரத்தம் மாதிரி ஆகிவிட்டது. அடுத்த கிளாஸில் வெள்ளைப் பசையைத் தண்ணீர்விட்டுக் கரைத்து நூலுக்குப் பூசிப் பார்த்தேன். திட்டுத் திட்டாக நின்றது. அதற்கடுத்து தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு கை. நிறம் காப்பாற்றப்பட்டது. ஆனால் உள்ளே பார்த்தால் ஒரே வெள்ளிப் புள்ளிகள். நூலை வார்னிஷ் அடைத்துவிட்டதால் எபாக்சி அடியில் இறங்கவில்லை. நூலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காற்று பாதரசம் மாதிரி மின்னியது. ராடில் இதைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள், தெரியவே தெரியாது.

இரண்டு நாள் யோசித்து, நிறத்தைக் காப்பாற்றும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். எப்படியும் கறுக்கப் போகிறது, கறுத்த பிறகு எது அரக்காக வருமோ அந்த நூலை வாங்குவோம் என்று மறுபடி டவுனுக்குப் போனேன். நூலை நனைத்தால் வருகிற நிறம்தான் ஏறக்குறைய எபாக்சியில் வரும் நிறம். கடையில் ஒவ்வொரு கண்டின் நுனியையும் நாக்கில் வைத்து நனைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, நூலுக்கு உப்பு போதுமா?" என்றார் கடைக்காரர்.

கடைசியில் எடுத்தது பளீரென்ற ஆரஞ்சு கலந்த சிவப்பு. காய்ந்த நிலையில் எனக்கே பிடிக்காத நிறம். எபாக்சி ஊறியதும் பாயின் அரக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பூச்சு இல்லாததால் எபாக்சி அடிவரை இறங்கி, நூலே ஈரக் கண்ணாடி மாதிரி ஆகி, ஜன்னல் பக்கம் பிடித்தால் காம்புக்குள் வெளிச்சம் சிவப்பாக இறங்கியது. ராடு கட்டுகிறவன் கெட்டுப்போச்சு என்று சொல்கிற விஷயம், கிளாஸில் அதுதான் அழகு. ஜரிகை மட்டும் எதிலும் மாறாமல் அப்படியே இருந்தது.

எபாக்சி பூசுவதில் நான் பட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரெசினும் ஹார்ட்னரும் எந்த அளவில் என்பது புட்டிக்குப் புட்டி மாறும். ராடுக்கு விற்பது பெரும்பாலும் சரிக்குச் சரி. கைவினைக் கடையில் விற்பதில் இரண்டுக்கு ஒன்றும் உண்டு, மூன்றுக்கு ஒன்றும் உண்டு. எடையிலா கொள்ளளவிலா என்பதையும் பார்க்க வேண்டும். ஊசி கழற்றிய இரண்டு சிரிஞ்ச், ஒன்றுக்கு ஒன்று மாற்றிவிடாமல். மெதுவாகக் கலக்க வேண்டும், அடித்துக் கலக்கினால் குமிழி. கலக்கியதும் கப்பிலேயே வைத்திருந்தால் நம்மூர் வெயிலுக்கு அது தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகிவிடும். அலுமினியத் தாளில் பரப்பி ஊற்றினால் சூடும் ஏறாது, குமிழியும் தானாக உடையும். மிச்சக் குமிழிக்கு ஸ்பிரிட் விளக்கின் சுடரைக் காம்புக்குக் கீழே ஒரு வீச்சு, நிறுத்தக் கூடாது. தீக்குச்சி வேண்டாம், கரி பிடிக்கும். முதல் கை மெல்லியதாக, நூலுக்குள் ஊறுகிற அளவுக்கு மட்டும். மினுமினுப்பெல்லாம் இரண்டாவது கையில்.

ஒரு கிளாஸில் மட்டும் எபாக்சி வட்ட வட்டமாக விலகிக் குழி விழுந்தது. மீன் கண் மாதிரி. புட்டியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பிறகு என் விரலைப் பார்த்தேன். அன்றைக்குக் காலையில்தான் நாலு மிஷினுக்கு எண்ணெய் போட்டிருந்தேன். மிஷின் எண்ணெய், ரீல் எண்ணெய், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், எது பட்டாலும் எபாக்சி அந்த இடத்தை விட்டு ஓடும். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் காம்பைத் துடைத்த பிறகு விரல் படக் கூடாது.

பூசியதை அப்படியே விட்டால் கீழே தொங்கிச் சொட்டும். இறுகும் வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய மைக்ரோவேவ் அவனில் தட்டைச் சுழற்றுகிற மோட்டார் இதற்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி. நிமிஷத்துக்கு ஐந்தாறு சுற்றுதான் சுற்றும். ஆனால் சிலது வீட்டுக் கரண்டில் ஓடும், சிலது 21 வோல்ட்டில்தான் ஓடும். மேலே எழுதியிருப்பதைப் பார்க்காமல் பிளக்கில் சொருகக் கூடாது. நான் இதைச் செய்தது ஆடியில். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது எபாக்சியில் தூசி படியாமல் இருக்குமா? மோட்டார், கிளாஸ் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடினேன். அதற்கு முன்னால் வாசல் தெளிப்பது போல் தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினேன்.

மூன்றாவது கிளாஸுக்கு இரண்டாவது கை பூசி அரைமணி நேரம் ஆகியிருக்கும், கரண்ட் போய்விட்டது. எபாக்சி இன்னும் தேன் பதத்தில்தான் இருந்தது. பெட்டியைத் தூக்கிவிட்டு டார்ச் வெளிச்சத்தில் குச்சியைக் கையால் திருப்ப ஆரம்பித்தேன். வேகமாகச் சுற்ற வேண்டியதில்லை. சில நிமிஷத்துக்கு ஒருமுறை பாதிச் சுற்றுத் திருப்பி, கீழே இருந்ததை மேலே கொண்டுவந்தால் போதும். பதினோரு மணிக்கு எனக்குக் கண் சொருகியது. அம்மா வந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. நூற்றியெட்டு முருகா சொல்லி ஒரு திருப்பு, மறுபடி நூற்றியெட்டு. கரண்ட் வந்தபோது மணி ஒன்றரை. அந்தக் கிளாஸில்தான் ஒரு சொட்டுகூடத் தொங்கவில்லை.

கறுத்துப்போன கிளாஸையும் வெள்ளிப் புள்ளிக் கிளாஸையும் குழி விழுந்ததையும் தூக்கிப்போட மனசில்லை. வெதுவெதுப்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றிய தண்ணீரில் ஊறவைத்தேன். எபாக்சி இளகியது. பிளேடால் நீளவாக்கில் ஒரு கோடு கீறி உரித்தால் நூலோடு சேர்ந்து பாம்புச் சட்டை மாதிரி முழுசாக வந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் நினைத்தேன், எனக்கு இவ்வளவு சுலபமாக உரிகிறது என்றால் கழுவுகிறவர்களுக்கும் உரியும். அதனால் மருமகளிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: பச்சைத் தண்ணீர், கையால் கழுவணும், ராத்திரி முழுக்க ஊறப்போடக் கூடாது, சுடுபால் ஊற்றக் கூடாது, வெயில்படும் அலமாரியில் வைத்தால் எபாக்சி மஞ்சளாகும்.

வைர டிசைன் ஒன்றும் முயன்றேன். ராடின் கைப்பிடிப் பக்கம் குறுக்கு மறுக்காகச் சுற்றி வைரம் வைரமாக எடுப்பார்கள். காம்பின் கனத்துக்கு வைரம் அரிசி அளவுக்குத்தான் வந்தது. சரிவில் அதுவும் கோணிக்கொண்டது. விட்டுவிட்டேன். இவ்வளவு சின்ன இடத்துக்கு ஒரு நிறமும் இரண்டு ஜரிகைக் கோடும் போதும்.

ஆறில் ஒன்று போனது போனதுதான். "அஞ்சுதான் மாமா சீருக்கு நல்லது, ஒத்தப்படை" என்றாள் மருமகள். தட்டில் பாய்க்குப் பக்கத்தில் ஐந்தையும் வைத்தோம். மறுவீட்டுக்கு வந்தபோது அதிலேயே எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத்து, ஐஸ் போட்டு. மச்சான் வாங்கினார். கிண்ணத்தை உள்ளங்கையோடு சேர்த்துப் பொத்திப் பிடித்து, டம்ளர் மாதிரி அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். காம்பு அவர் விரல்களுக்குள் எங்கேயோ இருந்தது. அம்மா தன் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், குனிந்து உள்ளேயும் பார்த்தாள்.

"நல்லாத்தான் சுத்திருக்க. எனக்கு சில்வர் டம்ளர்ல மாத்திக் குடு, பல்லு கூசுது."